எட்டு மணி நேரம் தொடக் கூடாது

“இங்க... கறுப்பாக்கி விடுவீங்களாமே?”

கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டித் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான் அவன். சண்முகவள்ளியின் கையிலிருந்த பஞ்சு நழுவிக் கீழே விழுந்தது.

கொடைக்கானல் ஏரிக்குப் பின்னால் மேலேறும் சாலையில் இருக்கிறது ஃபெமினா அக்காவின் அழகு நிலையம். வள்ளி அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்... வெளுப்பாக்குங்க. நிச்சயதார்த்தத்துக்குள்ள வெளுப்பாக்குங்க, போட்டோவுக்காவது வெளுப்பாக்குங்க. வெயிலே படாமல் மேனிக்குப் பழுப்பு நிறம் ஏற்றுகிற லோஷனை அக்கா வாங்கி வைத்திருந்தாள்தான். ஆனால் அது ஏரியைச் சுற்றி நடக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்காக. தமிழ் பேசுகிற ஒருவன், அதுவும் ஒரு ஆண்பிள்ளை, அதைத் தேடி வருவான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

“யாருக்குங்க?”

“எனக்குத்தான்.”

வெளியே சாரல். மங்கி குல்லாவை நெற்றி வரை இழுத்து விட்டிருந்தான். குல்லாவுக்குக் கீழே களையான கறுப்பு முகம். இமைகளில் மழைத்துளி நின்றது. ஒரு ஆம்பளைக்கு இவ்வளவு நீள இமை எதற்கு என்று வள்ளிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“உள்ள வாங்க. குல்லாவைக் கழட்டுங்க.”

“சிரிக்கக் கூடாது.”

“நான் எதுக்குங்க சிரிக்கப் போறேன்? இது எங்க தொழில்.”

கழற்றினான்.

நெற்றி வரைக்கும் கறுப்பு. அங்கிருந்து கோடு கிழித்தாற்போல் மேலே முழுக்க வெளிறிய மொட்டை. உச்சியில் மட்டும் செக்கச் சிவப்பு. வள்ளிக்கு மொட்டை புதிதல்ல. பழனி அடிவாரத்தில் சந்தனக் கடை வைத்திருக்கும் பொன்னுவேலின் மகள் அவள். முடியிறக்கி வருகிறவர்கள் தலையில் அப்பா சந்தனம் பூசுவதைப் பார்த்தே வளர்ந்தவள். அப்பேர்ப்பட்ட கண்ணும் மூன்று நிறத்தில் ஒரு தலையை இதுவரை கண்டதில்லை...

சிரித்துவிட்டாள். அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது.

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. விருட்டென்று திரும்பி மழைக்குள் இறங்கிவிட்டான். குல்லா நாற்காலியிலேயே கிடந்தது.

ஐயோ வள்ளி... என்ன காரியம் செய்துவிட்டாய்?

ஒரு கையில் குடை, ஒரு கையில் குல்லா. செருப்புப் போடக்கூட நேரமில்லை. ஓடினாள்.

“ஏங்க... நில்லுங்க. தலை நனையுதுல்ல.”

“நனஞ்சா ஒங்களுக்கு என்ன?”

“வெயில்ல வெந்து போன தலைங்க அது. சளி வேற பிடிச்சா யாரு பாக்குறது? நான் சிரிச்சது தப்புத்தான். வேணும்னா நீங்களும் ஒரு தடவை என்னையப் பாத்துச் சிரிச்சுக்கங்க. சரியாப் போயிரும்.”

அப்போதுதான் அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே நின்றான். பிறகு சிரித்தான்... குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

என்னவென்று புரியாமல் வள்ளி கன்னத்தைத் தொட்டாள். கையெல்லாம் பச்சை. வாடிக்கையாளர் யாரும் இல்லாத மத்தியானத்தில் புதிதாக வந்த வேப்பிலைப் பூச்சைத் தன் முகத்திலேயே பூசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியைத் துடைத்தபோது இவன் வந்தான். மீதிப் பாதி முகம் பச்சையாகவே இருந்தது. இப்போது மழையில் கரைந்து கழுத்து வரை வழிந்தது.

“நீங்களும் ரெண்டு கலரா...” என்றான் மூச்சு வாங்க.

“போதும் போதும். ரொம்பச் சிரிக்காதீங்க.”

ஒரே குடை. ரெண்டு கலரில் ரெண்டு பேர். எதிரே வந்த குதிரைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். வள்ளிக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. ஓடி வந்ததாலா? அவளுக்கு அப்போது அதை யோசிக்க நேரமில்லை.

*

“பேரு சொல்லுங்க.”

“தண்டாயுதபாணி. பாணின்னு கூப்பிடுவாங்க.”

மலை மேல் மொட்டையாய் நிற்கிற ஆண்டவனின் பேரையே வைத்துக்கொண்டு மொட்டைக்கு வெட்கப்படுகிறானே... வள்ளி உதட்டைக் கடித்துக்கொண்டு கற்றாழைச் சாற்றை எடுத்தாள்.

அவன் ஊர் மேல்மலையில் கவுஞ்சி. அம்மா அழகம்மாள் பூண்டும் கேரட்டும் போடுகிறாள். இவன் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். போன மழைக்கு ஜீப் சரிவில் இறங்கி ஒரு மரத்தில் போய் நின்றது. இவனுக்கு ஒரு கீறல் இல்லை. அன்றைக்கே பழனியில் மொட்டை போடுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள்.

“அத முடிக்காம வீட்டுல நல்ல காரியம் பேசக் கூடாதுன்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்குது. முடியெறக்கி முடிஞ்ச கையோட, மறுநாளே சவாரி... மேல தார்ப்பாய் இல்லாத ஜீப்பு.”

“குல்லா போட வேண்டியதுதான?”

“இந்தக் குளுருல வெயிலு என்னத்தப் பண்ணும்னு விட்டுட்டேன்.”

“குளுருதுங்கிறதுக்காக வெயில் சும்மா இருக்குமா? மலைமேல கீழ விட ஜாஸ்தியாச் சுடும். நமக்கு ஒறைக்காது, அவ்வளவுதான். இத்தன வருசமா முடிக்குள்ள மறஞ்சு கெடந்த தோலு, பாவம்... வெளிய வந்த மொத நாளே வறுத்துட்டீங்க.”

அவள் விரல் நுனி உச்சியில் பட்டபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். கற்றாழை குளிர்ந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

“இன்னைக்கு நிறம் ஏத்த முடியாதுங்க. வெந்த தோலுல, கத்தி கீறுன எடத்துல எல்லாம் பூசக் கூடாது. ஆறட்டும். வெளிய போனா குல்லாவும் சன் ஸ்கிரீனும் கட்டாயம். ஆமா... இவ்வளவு அவசரமா எதுக்குங்க? முடி வளந்தாத் தானே மறஞ்சிருமே.”

அவன் கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

“ஞாயித்துக்கெழம ஒட்டன்சத்திரத்துல பொண்ணு பாக்கப் போறோம். காய்கறி மண்டிக்காரர் வீடு.”

கற்றாழைக் கிண்ணம் ‘டக்’கென்று மேசையில் உட்கார்ந்தது. யாரோ ஒருத்தன் யாரையோ பார்க்கப் போகிறான்... உனக்கென்ன வள்ளி? ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

“ஜோராப் போயிட்டு வாங்க,” என்றாள்.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தாள். அவனோ மறுநாளே வந்தான். ஆறுகிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டுமாம். அதற்கு மறுநாள் மண் வாசம் போகாத கேரட்டோடு வந்தான். சவாரிக்கு வந்தவர்கள் ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருக்க, இவன் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து, எந்தச் சோப்பு நல்லது, உதட்டு வெடிப்புக்கு என்ன போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். உதட்டில் வெடிப்பே இல்லை.

“தலைய விட்டுட்டு ஆளு மத்ததெல்லாம் விசாரிக்கிறாரு,” என்றாள் ஃபெமினா அக்கா, அவன் போனதும். “எதுக்குடி சிரிக்கிற?”

“சிரிக்கலையேக்கா.”

“கண்ணாடியப் பாரு.”

*

வியாழக்கிழமை மத்தியானம் தலை ஆறி, தயாராக இருந்தது. வள்ளி சோப்புப் போட்டுத் தேய்த்தாள். எண்ணெய்ப் பசையும் சந்தன மிச்சமும் கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. முந்தின நாளே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாயிற்று. அரிப்பில்லை, தடிப்பில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, மெத்தென்ற பஞ்சில் லோஷனை எடுத்து, வட்ட வட்டமாகப் பூச ஆரம்பித்தாள்.

“இப்படியே பேசாம படுக்கப் போட்டு லைட்டு அடிச்சுக் கறுப்பாக்குற மிசினு இருக்காமே? சவாரிக்கு வந்த ஒரு அம்மா சொல்லுச்சு.”

“இருக்கு. அக்காவும் வாங்கலாம்னாங்க. நான்தான் வேண்டவே வேண்டாம்னு சண்டை போட்டேன். அது வெயிலை விட மோசம். தோலு வெள்ளனே கெழடு தட்டிரும், பெரிய வியாதியெல்லாம் வரும். இது அப்படி இல்ல... மேல்தோலுல மட்டும்தான் நிறம் பிடிக்கும். ஒரு வாரத்துல தானா உதுந்துரும்.”

“ஒரு வாரம்தானா?”

“பொண்ணு பாக்க அது போதாதா?”

அறை முழுக்க லோஷனின் லேசான பிஸ்கட் வாசம். நெற்றிக் கோட்டருகே வந்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுணுக்கமாகக் கலந்தாள். கோடு மறைந்தது. அவள் முகம் அவன் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. அந்த இமைகள்... வேண்டாம், வேலையைப் பார்.

“கேட்டுக்கங்க. இப்ப தெரியறது சும்மா மேல்பூச்சு. நெஜ நிறம் மெல்ல மெல்லத்தான் ஏறும். எட்டு மணி நேரம் தண்ணி, எண்ணெய், வேர்வை ஒண்ணும் படக் கூடாது. யாரும் தொடக் கூடாது. அப்புறமா கழுவுங்க. கறுத்துட்டோம்னு தைரியமா வெயில்ல நிக்காதீங்க, இது வெயிலத் தடுக்காது.”

“என் தலைய யாருங்க தொடப்போறா?” என்று சிரித்துக்கொண்டே போனான்.

*

வெள்ளிக்கிழமை காலை. மூன்று கல்லூரிப் பெண்கள் முகத்துக்குப் பூச்சுப் போட்டுக்கொண்டு வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். கதவு படாரென்று திறந்தது.

“என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?”

குல்லாவைப் பிடுங்கினான். வள்ளி அதிர்ந்து போனாள்.

தலை அழகாக, சீராகக் கறுத்திருந்தது. உச்சியில் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு கை. உள்ளங்கை, நான்கு விரல், ஒரு கட்டைவிரல்... யாரோ ஓங்கித் தலையில் அடித்துவிட்டுப் போனது போல, அச்சு அசலாக. கல்லூரிப் பெண்களுக்குச் சிரித்த சிரிப்பில் முகப்பூச்சு வெடித்துவிட்டது.

“காலையில கழுவிட்டுப் பாத்தா இப்படிக் கெடக்கு. ஸ்டாண்டுல அத்தன டிரைவரும் எந்திரிச்சு வந்து அவனவன் கைய வச்சு அளவு பாக்குறான். நாளன்னைக்கு நான் எப்படிங்க அங்க போயி நிப்பேன்? தெரியாத சோலிய ஏன் தெரியும்னு சொல்றீங்க?”

தெரியாத சோலியா? வள்ளிக்கு முகம் சிவந்தது. அந்தத் தடத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். சந்தனக் கடைக்காரர் மகளுக்கு அது போதும்.

“இது சந்தனம் பூசுன கை. நேத்து எட்டு மணி நேரம் ஆகுறதுக்குள்ள ஒங்க தலையில யாரோ சந்தனம் வச்சிருக்காங்க. ஈரம் பட்ட எடத்துல நிறம் ஏறல.”

“யாரும் வைக்கல. சவாரி அலுப்பு, வீட்டுக்குப் போனதும் படுத்தவன் காலையிலதான் எந்திரிச்சேன்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“ஒங்க தப்ப ஒத்துக்கங்கன்னு சொல்றேன்.”

“வெளிய போங்க.” வள்ளி கதவைக் காட்டினாள். “இந்தக் கதவுப் பக்கம் திரும்ப வராதீங்க.”

போய்விட்டான். வள்ளி உள்ளே ஓடிப்போய்த் துண்டுகளை மடித்தாள். மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்தாள். திட்டினது வலிக்கவில்லை... இனிமேல் அவன் வரமாட்டானே, அதுதான் வலித்தது. அது புரிந்ததும் அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் மஞ்சு இறங்கும் நேரம். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு அம்மா வந்து நின்றாள். கையில் ஒரு கட்டுப் பூண்டு.

“வள்ளிங்கிறது யாரு தாயி? நான் பாணியோட அம்மா.”

வள்ளி எழுந்து நின்றாள்.

“அவன் மேல தப்பு இல்ல. ஒன் மேலயும் தப்பு இல்ல. நேத்து வந்து அசந்து தூங்குனான். தொட்டுப் பாத்தா மண்ட கொதிக்குது. புள்ளைக்குச் சூடாச்சேன்னு கொஞ்சம் சந்தனத்தக் கொழச்சு உச்சியில வச்சு அமுத்திட்டேன். நீ ஏதோ பூசி விட்டிருக்கேன்னு எனக்கு யாரு சொன்னா? காலையில அவன் கத்தும்போது சொல்லப் பயமாப் போச்சு.” அழகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கமா சிரிப்பா என்று தெரியவில்லை. “அசல் சந்தனம் தாயி. அடிவாரத்துல பொன்னுவேலு கடையில வாங்குனது.”

வள்ளிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“அது எங்க அப்பா கடைங்கம்மா.”

“யாரு... ஒரு மொட்டைக்குச் சந்தனம் பூச ஒம்போது கத சொல்லுவாரே, அவரா?” அழகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அவரு மகளா நீ... குலசாமி எது தாயி? கூடப் பொறந்தது எத்தன பேரு?”

வள்ளி பதில் சொன்னாள். அழகம்மாள் கேட்டுக்கொண்டே பூண்டுக் கட்டை மேசையில் வைத்தாள்.

“நாளைக்கு அவனக் கூட்டியாறேன். அந்தக் கைய மட்டும் மறச்சு விட்டுரு.”

*

சனிக்கிழமை. காலையிலிருந்தே மழை.

வாசலில் ஜீப் நின்றது. அம்மா முன்னால், மகன் பின்னால். அழகம்மாள் நேராகப் போய்ச் சோபாவில் உட்கார்ந்து, ஒரு அழகுப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிரித்து வைத்துக்கொண்டாள். ஃபெமினா அக்கா காபி வாங்கி வருவதாகக் கிளம்பிவிட்டாள். பிளாஸ்கில் காபி இருந்தது.

“தப்பு என் மேலதான்,” என்றான் பாணி, நாற்காலியில் உட்காராமலே. “நாலு பேரு முன்னாடி சொல்லக் கூடாததச் சொல்லிட்டேன். அந்த மூணு பொண்ணுங்களையும் கூட்டியாந்து மன்னிப்புக் கேக்கலாம்னு பாத்தேன். காலேஜு லீவாம்.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

“உக்காருங்க.”

மெல்லிய தூரிகையை எடுத்தாள். வெளிறிய தடத்துக்குள் மட்டும் லோஷன் போகவேண்டும், ஏற்கெனவே கறுத்த இடத்தில் ஒரு நூல்கூடப் படக் கூடாது. சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலாக நிரம்பி வந்தது. நன்றாக வந்தது. இத்தனை நன்றாக இதற்குமுன் எதையும் அவள் செய்ததில்லை. செய்யச் செய்ய நெஞ்சு கனத்தது. நாளைக்கு இந்தத் தலை நிமிர்ந்து ஒட்டன்சத்திரத்துக்குப் போகும். அங்கே ஒருத்தி காபித் தட்டோடு வந்து நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்தால் பிடிக்காமல் போகுமா? அழகாக்கி அனுப்பி வைப்பதே அவள்தானே...

உள்ளங்கை முடிந்தது. கட்டைவிரல் மட்டும் பாக்கி. தூரிகை நின்றது.

“அத விட்டுருங்க,” என்றான் அவன் மெதுவாக.

“எதை?”

“அந்தக் கட்டவெரல. அது முடிஞ்சா நான் இங்கேருந்து எந்திரிச்சுப் போயாகணும்.”

கண்ணாடியில் அவன் கண்கள் அவளையே பார்த்தன. தரையைப் பார்த்துப் பேசுகிறவன் இன்றைக்குத் தரையைப் பார்க்கவில்லை.

“உதடு வெடிச்சதெல்லாம் பொய்யி வள்ளி. ஆறுதா பாருங்கன்னு வந்ததும் பொய்யி. அன்னைக்குப் பாதி மூஞ்சி பச்சையா, செருப்பு இல்லாம, மழையில ஓடி வந்தீங்கல்ல... அப்பவே முடிஞ்சு போச்சு. எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு. ஒட்டன்சத்திரத்துக்கு நான் போகல.”

மழை ஓட்டில் சடசடவென்று கொட்டியது. வள்ளிக்குக் காது அடைத்தது. சோபாவில் பத்திரிகை அசையவே இல்லை.

அவள் தூரிகையை நனைத்தாள். கட்டைவிரலைப் பூச ஆரம்பித்தாள்.

அவன் முகம் வாடிவிட்டது. அவ்வளவுதான், போகச் சொல்கிறாள். கண்ணை மூடிக்கொண்டான். அந்த நீள இமைகளின் ஓரம் ஈரமானதை அவள் பார்த்தாள். ஆனாலும் கை நிற்கவில்லை. ஓரம் கலந்து, நுனி கலந்து, தடமே இல்லாமல் முடித்துவிட்டுத்தான் தூரிகையைக் கீழே வைத்தாள்.

“அரைகொறையா அனுப்ப முடியாதுங்க,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “நாளைக்கு நீங்க அடிவாரத்துக்குப் போகணும். எங்க அப்பாவப் பாக்க. அவரு மொட்டையப் பாத்தே ஆள எடை போடுறவரு... ஒரு திட்டுத் தெரிஞ்சாலும் கண்டுபிடிச்சுருவாரு.”

பாணி கண்ணைத் திறந்தான். திறந்த கண்ணை மூட மறந்துபோனான்.

“எனக்கும்தான்,” என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. “குடை பிடிச்சப்பவே.”

சோபாவிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

“ஒட்டன்சத்திரத்துக்கு நேத்தே போன் போட்டு வரலைன்னு சொல்லிட்டேன்டா,” என்றாள் அழகம்மாள், பத்திரிகையை மடித்துக்கொண்டே. “பெத்தவளுக்கு ஒன் மூஞ்சி தெரியாதா? நீயா வாயத் தொறக்குறியான்னு பாத்தேன். இதுக்கு இம்புட்டு நேரமா?”

எழுந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. மகன் முன்னால் நின்று, வழக்கம்போல் அவன் தலையில் வைக்கக் கையைத் தூக்கினாள்.

“எட்டு மணி நேரம் தொடக் கூடாது... அத்தை.”

சொன்ன பிறகுதான் வள்ளிக்குத் தான் சொன்ன வார்த்தை கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, வள்ளியின் தலையில் இறங்கியது.